ஃப்ரீசரில் பழம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

நாவல் பழத்தைக் கொட்டையோடு வைக்கலாமா? (அம்மாபேட்டை)

வைக்கலாம், ஆனால் பாதி இடத்தைக் கொட்டையே பிடித்துக்கொள்ளும். சதையைப் பிசைந்து எடுத்துச் சின்ன டப்பாக்களில் வையுங்கள். மேலே ஒரு விரல் அளவு காலியாக இருக்கட்டும்; உறையும்போது உப்பும்.

ஸ்ட்ராபெரி கல் மாதிரி ஒரே கட்டியாகிவிட்டது. ஃப்ரீசரில் கோளாறா? (அஸ்தம்பட்டி)

ஃப்ரீசர் பாவம், அதை விட்டுவிடுங்கள். பழத்தைக் கழுவி, ஈரம் சொட்டச் சொட்ட, கடைக்காரர் கொடுத்த மெல்லிய கேரி பேக்கிலேயே முடிச்சுப் போட்டு உள்ளே தள்ளியிருப்பீர்கள். மாதம் தவறாமல் இதே கடிதம் வருகிறது. 2019 ஜனவரியிலேயே தமிழ்நாட்டில் தடை செய்த கவர் நம் வீட்டு ஃப்ரீசர்களில் மட்டும் பத்திரமாக வாழ்கிறது! அது காற்றையும் தடுக்காது, வாடையையும் தடுக்காது. பக்கத்தில் மீன் இருந்தால் பழமும் மீன் மணக்கும்.

சரி, முறையைக் கேளுங்கள். காம்போடு கழுவுங்கள், முதலிலேயே கிள்ளினால் உள்ளே தண்ணீர் இறங்கும். பருத்தித் துணியில் பரப்பி, ஃபேன் காற்றில் ஒரு மணி நேரம் விடுங்கள். பழத்தை உருட்டினால் துணியில் ஈரத் தடம் விழக் கூடாது. அப்புறம் காம்பைக் கிள்ளி, ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் அடுக்கி ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வையுங்கள். காலையில் தனித்தனியாகக் கோலிக்குண்டு போல உருளும். அதன்பிறகுதான் கெட்டியான ஜிப் கவர். காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டு, தேதி எழுதுங்கள். ஒரு நாளைக்கு ஒரு கிலோ போதும். மூன்று கிலோவை ஒரேயடியாகத் திணித்தால் மெதுவாக உறையும், உள்ளே பெரிய பெரிய ஐஸ் துகள் உண்டாகிச் சதையைக் கிழிக்கும். உருகியதும் கூழ்தான்.

ஏற்காட்டுத் தோட்டத்து மல்பெரி ஒரு கூடை வந்தது. காம்பை எப்படி எடுப்பது? (ஃபேர்லேண்ட்ஸ்)

உறைந்த பிறகு கத்தரிக்கோலால் நறுக்குங்கள். இப்போதே பிடுங்கினால் விரலெல்லாம் ஊதாதான். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்த கூடையில் அடியில் இருப்பது நசுங்கித்தான் இருக்கும். அதை ஒதுக்கி, கிலோவுக்கு இருநூறு கிராம் சர்க்கரை கலந்து டப்பாவில் வையுங்கள். மேலே உள்ள நல்ல பழம் மட்டும் தட்டுக்கு. ஈரம், ஈரம், ஈரம்! அது போகாமல் உள்ளே வைக்காதீர்கள்.

ஃப்ரீசரில் வைத்த பழம் கெட்டுவிட்டது, ஏன்? (ஊர் எழுதவில்லை)

எந்தப் பழம், எத்தனை நாள், எதில் வைத்தீர்கள்? எதையும் எழுதாமல் கேட்டால் நான் என்ன ஜோசியமா பார்ப்பது?

உறைய வைத்தால் கிருமி செத்துவிடுமாமே? (ஆத்தூர்)

சாகாது. வளராமல் நிற்கும், அவ்வளவுதான். எனவே கழுவாத ஸ்ட்ராபெரியை உள்ளே வைக்காதீர்கள்.

எத்தனை மாதம் தாங்கும்? கரண்ட் போனால்? (ஓமலூர்)

மைனஸ் 18-ல் பத்து மாதம், ஒரு வருடம். குழந்தைகள் ஐஸ்கிரீமுக்காக ஓயாமல் திறக்கும் ஃப்ரிட்ஜ் என்றால் மூன்று, நான்கு மாதம்தான். கரண்ட் போனால் கதவைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள், பாதி நிறைந்தது ஒரு நாள் தாக்குப்பிடிக்கும். பழத்தில் ஐஸ் துகள் மிச்சமிருந்தால் திரும்ப உறைய வைக்கலாம்; கொஞ்சம் குழைந்து போகும். முழுக்க உருகிப் புளித்த வாடை வந்தால் யோசிக்காமல் கொட்டுங்கள்.

ஜாமுக்கு முதலில் உருக்க வேண்டுமா? (கொண்டலாம்பட்டி)

வேண்டாம். உறைந்தபடியே பாத்திரத்தில் போட்டு, சின்னத் தீயில் ஆரம்பியுங்கள்.