ஸ்பேனர் பதில்கள்: தேளை டிராக்கில் விடலாமா?

கேள்வி: வணக்கங்க அண்ணா. 2016-ல் புதிதாக எடுத்த ஃபியட் அபார்த் புண்ட்டோ கார் வைத்திருக்கிறேன். வெள்ளை நிறம், கதவோரம் சிவப்புப் பட்டை. கல்யாணத்துக்கு முன்னால் எனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் அதுதான். கிரில்லில் தேள் படம் இருப்பதால் என் மகள் அதை ‘தேளு’ என்றுதான் கூப்பிடுவாள். போன தீபாவளிக்கு வீட்டுக்கு ஒரு ஆட்டோமேட்டிக் எஸ்யூவி வந்துவிட்டது. போர்ட்டிகோவில் ஒரு வண்டிக்குத்தான் இடம். தேள் வேப்பமரத்தடியில் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. திருப்பூரில் ஒருவர் நாலரை லட்சம் தருகிறேன் என்கிறார். வீட்டில் கொடுத்துவிடச் சொல்கிறார்கள். நண்பன் ஒருவனோ, “விற்காதே, சீட்டைக் கழற்றிவிட்டு ரோல் கேஜ் (கார் கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு) போட்டு முழு டிராக் காராகவே மாற்றிவிடு” என்கிறான். கோவை பக்கம் செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில், சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கவிடும் டிராக் டேக்கு ஒரு தடவை போனேன். கொஞ்ச நேரத்திலேயே பிரேக் பெடல் மெத்தென்று அடிவரைக்கும் போனது. பயந்துபோய் வெளியே எடுத்துவிட்டேன். ஆனாலும் அன்றைக்கு இருந்த சந்தோஷம் அதற்கப்புறம் எதிலும் வரவில்லை. வைத்துக்கொள்ளட்டுமா, கொடுத்துவிடட்டுமா?
— பெயர் வேண்டாம் என்ற வாசகர், ஈரோடு

பதில்: முதல் வேலையாக அந்தத் தார்ப்பாயை உருவிவிடுங்கள் தம்பி. உள்ளே தங்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் கதவடியில் துரு ஏறும். எலிக்கு அதைவிட வசதியான இடம் ஊரிலேயே கிடையாது. ஒயரிங்கைக் கடித்துவிட்டால் நாலரை லட்சம் பேசியவர் ரெண்டரைக்கு இறங்கிவிடுவார், அப்புறம் இந்தக் கேள்விக்கே வேலை இருக்காது. துணிக் கவர் வாங்கிப் போடுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். காரை வைத்துக்கொள்ளுங்கள். டிராக்குக்கும் போங்கள். ஆனால் அந்தக் காரை டிராக் காராக மாற்றாதீர்கள். உங்களுக்குக் கார் மேல் ஓர் ஆசை, டிராக் மேல் ஓர் ஆசை. நண்பர் இரண்டையும் ஒரே முடிச்சாகப் போடப் பார்க்கிறார். போட்டால் இரண்டும் கெடும்.

அபார்த் புண்ட்டோவை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. ஐந்து கதவு வைத்த குடும்ப வண்டிதானே என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். 2015-ல் அது வந்தபோது பத்து லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான ஷோரூம் விலையில் 145 குதிரைத்திறன், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், கைக்கு ரோட்டை உணர்த்துகிற ஹைட்ராலிக் ஸ்டியரிங். நூறு கிலோமீட்டர் வேகத்தை 8.8 வினாடியில் தொடும் என்று கம்பெனி சொன்னது. அந்த விலைக்கு அப்படி ஒரு வண்டி அன்றைக்கு இந்தியாவில் வேறில்லை. அப்புறம், மகளிடம் சொல்லுங்கள்: அந்தத் தேள், 1949-ல் அபார்த் கம்பெனியை ஆரம்பித்த கார்லோ அபார்த்தின் ராசி. மேல்நாட்டுக் கணக்குப்படி அவர் விருச்சிகம்.

சிக்கல் எங்கே என்றால் பார்ட்ஸில். பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வருவதற்குள் ஃபியட் புண்ட்டோவையும் லினியாவையும் நிறுத்திவிட்டது. உங்கள் வண்டியின் பாடி, புண்ட்டோ ஈவோவின் பாடி. எஞ்சின், லினியா டி-ஜெட்டில் வந்த அதே 1.4 டர்போ குடும்பம். அதனால் ஃபில்டர், பெல்ட் மாதிரி தேய்கிற சாமான்களுக்குப் பெரிய கஷ்டமில்லை. ஆனால் ஒரு ஹெட்லைட் உடைந்தால் கடைக்குப் போய் “ஒண்ணு குடுங்க” என்று கேட்கிற காலம் முடிந்துவிட்டது. உக்கடம், புதுப்பேட்டை என்று போன் போட்டு, யாரோ இடித்த வண்டியிலிருந்து கழற்றிய ஒன்றைச் சொன்ன விலைக்கு எடுக்க வேண்டும். உங்கள் வண்டிக்கென்றே வந்த 16 இஞ்ச் வீலோ, சிவப்புப் பட்டையோ என்றால் இன்னும் மோசம்.

டிராக்கில் தொடர்ந்து ஓட்டுகிறவர் என்றைக்காவது ஒருநாள் பாதையை விட்டு இறங்கத்தான் செய்வார். திறமை கூடக் கூட வேகமும் கூடுவதால் இதில் பழையவர், புதியவர் என்று கிடையாது. முன்பக்கம் மண்ணில் உழுது பம்பர் பிய்ந்து, ரேடியேட்டர் ஒழுகுகிற வண்டியைப் பார்த்து, “போனால் போகுது, அடுத்த மாசத்துக்குள்ள ரெடி பண்ணிடலாம்” என்று சிரிக்க முடிகிற காரைத்தான் டிராக்குக்கு எடுத்துப் போக வேண்டும். உங்களால் தேளைப் பார்த்து அப்படிச் சிரிக்க முடியாது. கடிதத்தின் முதல் நாலு வரியிலேயே அது தெரிந்துவிட்டது.

இன்சூரன்ஸும் கை கொடுக்காது. பாலிசியை எடுத்து ‘எந்த உபயோகத்துக்கு’ என்ற பகுதியைப் படியுங்கள். பந்தயம், வேகச் சோதனை எல்லாம் விலக்கு என்று அச்சடித்திருப்பார்கள். “போட்டி இல்லை, சும்மா டிராக் டேதான்” என்று வாதாடலாம். சர்வேயரிடம் அது எடுபடும் என்று நம்பி வண்டியை இறக்காதீர்கள். ரோல் கேஜ் விஷயம் அதைவிடச் சிக்கல். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது. சீட்டைக் கழற்றி கேஜ் போட்டபின் அது ரோட்டு வண்டி இல்லை. ஈரோட்டிலிருந்து செட்டிபாளையத்துக்கு ஒவ்வொரு தடவையும் ரெக்கவரி வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். மகளை உட்காரவைத்து ஒரு ரவுண்டு கூட்டிப்போக முடியாது. அந்த நாலரை லட்சமும் போய்விடும், ஏனென்றால் வெட்டி ஒட்டிய வண்டிக்கு வாங்க ஆள் வராது.

இனி அந்த பிரேக். நீங்கள் பயந்து வெளியே எடுத்தது நூற்றுக்கு நூறு சரி. “இன்னும் ஒரு லேப்” என்று நினைக்கிறவர்கள்தான் எங்கள் பட்டறைக்கு வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வருகிறார்கள். நடந்தது இதுதான். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும். புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரிக்கு வந்துவிடும். ஊருக்குள் ஓட்டும்போது அந்தச் சூடே வராது, அதனால் வருடக்கணக்காக மாற்றாவிட்டாலும் தெரியாது. டிராக்கில் ஒவ்வொரு நேர்ப்பாதை முடிவிலும் முழு பலத்தோடு மிதிக்கிறீர்கள்; டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பருக்குள் ஆயில் கொதித்து ஆவியாகிறது. ஆயிலை அழுத்தினால் சுருங்காது, ஆவி சுருங்கும். உங்கள் கால் கொடுத்த பலமெல்லாம் அந்தக் குமிழை அமுக்குவதிலேயே போய்விட்டது.

இதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். நல்ல பட்டறைக்குப் போய் ஆயில் மாற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். பையன் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிப்பான். கீழே ஒருவர் பிளீடர் நிப்பிளில் கண்ணாடி டியூப் மாட்டி “அமுக்கு… புடிச்சுக்க… விடு” என்பார். இதைத்தான் ‘ஏர் எடுக்கிறது’ என்கிறோம். முதலில் வருவது கடுங்காப்பி நிறத்தில் வரும், நடுவில் குமிழ் ஓடும். வெளிர் மஞ்சளாக, ஒரு குமிழ்கூட இல்லாமல் வருகிறவரைக்கும் விடக்கூடாது. பின்சக்கரத்தில் ரெண்டு தரம் அமுக்கிவிட்டு “முடிஞ்சுதுங்க” என்று எழுந்தால் அந்தப் பட்டறையை மாற்றுங்கள். மாற்றியதும் பெடல் பாதியிலேயே கல்லாக நிற்க வேண்டும். டிராக்குக்குப் போகாவிட்டாலும் இதை இந்த மாதமே செய்யுங்கள். அதே பிரேக்கோடுதான் இப்போதும் மரத்தடியில் நிற்கிறது.

டிராக் ஆசைக்கு என் யோசனை: முதல் தலைமுறை ஸ்விஃப்ட், 1.3 பெட்ரோல். 2005-லிருந்து வந்த அந்த உருண்டை ஸ்விஃப்டைத்தான் சொல்கிறேன். எந்த ஊரிலும் பார்ட்ஸ் உண்டு, எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு வேலை பார்ப்பார். பதினைந்து வருட ஆர்.சி. முடிந்துவிட்டதால் எஃப்.சி. எடுக்கச் சோம்பல்பட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். பேப்பர் சுத்தமாக இருக்கிறதா, பெயர் மாற்றம் நடக்குமா என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுக்கொண்டு வாங்குங்கள். புது பிரேக் பேட், புது ஆயில், நாலு நல்ல டயர் போதும். நிறுத்த இடமில்லை என்பீர்கள். கோவையில் ரேஸ் வண்டி வேலை பார்க்கும் பட்டறைகளில் மாத வாடகைக்கு விடலாம், ரெண்டு நண்பர்கள் பங்குக்கு வந்தால் செலவும் தெரியாது. அதுவும் வேண்டாம் என்றால் பயிற்சிப் பள்ளிகளில் அவர்களுடைய வண்டியையே ஓட்டக் கொடுப்பார்கள். செட்டிபாளையத்திலும் நடக்கிறது, சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலும் நடக்கிறது. 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஒரு நாள் ஓட்டிவிட்டால் செட்டிபாளையம் சின்னதாகத் தெரியும்.

“145 குதிரையை வைத்துக்கொண்டு ஸ்விஃப்டா?” என்று முகம் சுளிக்காதீர்கள். செட்டிபாளையம் டிராக்குக்குப் பெயர் தந்த கரிவர்தன் உருவாக்கிய ஃபார்முலா மாருதி ரேஸ் காரில் இருந்தது நம்ம மாருதி 800-இன் எஞ்சின். ஃபார்முலா 1 வரை போன நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்தில் ஓட்டியது அதைத்தான். பவர் கம்மியான வண்டியில் திருப்பத்தில் விட்ட வேகத்தை நேர்ப்பாதையில் பிடிக்க முடியாது. அதனால் திருப்பத்தைக் கற்றுக்கொண்டே ஆக வேண்டும். டர்போ வண்டி நம்ம தப்பையெல்லாம் மூடி மறைத்துவிடும்.

அப்படியானால் தேள் எதற்கு? ஓட்டுவதற்கு. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பி பண்ணாரி வழியாகத் திம்பம் ஏறுங்கள். 27 கொண்டை ஊசி வளைவு. வேகமெல்லாம் வேண்டாம். அது புலிகள் காப்பகம், எதிரே லாரி வரும், யானையும் வரும். ரெண்டாவது கியரில் நாற்பதில் போனாலே அந்த ஸ்டியரிங் உங்களிடம் பேசும். ஏறி இறங்கியதும் சாவியைத் திருகி உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள், டர்போவுக்குள் ஆயில் கருகாமல் இருக்கும். டைமிங் பெல்ட் எப்போது மாற்றினீர்கள் என்று நினைவில்லையென்றால் மாற்றிவிடுங்கள். கிலோமீட்டர் குறைவு என்பதெல்லாம் கணக்கில்லை, ரப்பருக்கு வயசும் கணக்கு.

வீட்டில் உள்ளவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மரத்தடியில் கிடக்கிற காருக்கு இன்சூரன்ஸ் கட்டுவது யாருக்கும் எரிச்சல்தான். அதனால் ஒரு ஏற்பாடு: அடுத்த ஆடி வரைக்கும் வைத்துப் பாருங்கள். வாரம் ஒருநாள் மகளை ஸ்கூலில் விடுவதற்காவது தேளை எடுங்கள். எடுக்கவே இல்லை, சாவி ஆணியிலேயே தொங்குகிறது என்றால் திருப்பூர்க்காரருக்குப் போன் போடுங்கள். அவர் டிராக்குக்கு என்று கேட்கிறாரா, ஓட்டுவதற்கு என்று கேட்கிறாரா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் குறைத்துக் கொடுத்தாலும் ஓட்டுகிறவர் கைக்குப் போகட்டும்.

கேள்வி: டிராக் டே முடிந்து வண்டியை நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாதே என்கிறார்கள். ஏன்?
— வாசகர், சேலம்

பதில்: பின்னால் டிஸ்க் உள்ள வண்டியில் சுடச்சுட டிஸ்க்கைப் பேட் கவ்விக்கொண்டு நின்றால் அந்த இடத்தில் மட்டும் சூடு தங்கி, பேட் பொருளும் டிஸ்க்கில் அப்பிக்கொள்ளும். அப்புறம் மிதிக்கும்போதெல்லாம் உதறும். கடைசி லேப்பை பிரேக் மிதிக்காமல் மெதுவாக ஓட்டி வந்து, கியரில் போட்டு, டயருக்கு ஒரு கட்டை வையுங்கள்.

கேள்வி: பைக் ஹெல்மெட்டைக் கார் டிராக்கில் போடலாமா?
— வாசகி, மதுரை

பதில்: நடத்துகிறவர்களின் விதியை முதலில் கேளுங்கள், ஆளுக்கு ஆள் மாறும். கார் பந்தய ஹெல்மெட்டின் உள்துணி தீயைத் தாங்குகிறதா என்று சோதித்திருப்பார்கள். பைக் ஹெல்மெட்டுக்கு அந்தச் சோதனை கிடையாது. ஒருநாள் பழகிப் பார்க்கத்தான் என்றால், அனுமதித்தால் உங்களுடையதைப் போடலாம். தொடர்ந்து போவதாக இருந்தால் டயருக்கு முன்னால் ஹெல்மெட் வாங்குங்கள். வாங்கும்போது ஆன்லைனில் வேண்டாம், நேரில் தலையில் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். கன்னம் லேசாக நெரிபட வேண்டும்.