மார்கழி தேனிலவுக்குக் கொச்சியில் எந்த ஓட்டல்?

கேள்வி: கார்த்திகை கடைசி முகூர்த்தத்தில் எனக்குத் திருமணம். பெண் பள்ளி ஆசிரியை. அரையாண்டு விடுமுறையில்தான் நான்கைந்து நாள் வெளியூர் போக முடியும். வீட்டில் எல்லோரும் மூணாறு போகச் சொல்கிறார்கள். அவளுக்கோ பெரிய ஊர், கடல், கடைவீதி, நல்ல ஓட்டல் என்று ஆசை. கொச்சி என்று முடிவு செய்துவிட்டோம். மூன்று இரவு. அறைக்கு மட்டும் வரியோடு 70,000 ரூபாய் வரை ஒதுக்கியிருக்கிறேன். வில்லிங்டன் தீவில் தாஜ் மலபார், போல்காட்டியில் கிராண்ட் ஹயாத், இடப்பள்ளியில் லுலு ஷாப்பிங் மாலை ஒட்டிய மாரியட் என்று பார்த்துப் பார்த்துக் குழம்பிவிட்டேன். ஃபோர்ட் கொச்சியில் பழைய கட்டடங்களை ஓட்டலாக்கியவையும் இருக்கின்றனவாம். எதை வைத்து முடிவு செய்வது? ரயிலில்தான் போவோம்.
(வாசகர், செங்கோட்டை)

பதில்: முதலில், உங்கள் மனைவியாகப் போகிறவரின் ஆசைதான் சரி தம்பி. குற்றால மலையையும் சாரலையும் வாசலில் வைத்துக்கொண்டு வாழ்கிற நமக்கு, இன்னொரு மலையைப் பார்க்கக் கிறிஸ்துமஸ் நெரிசலில் வளைவுப் பாதையில் மணிக்கணக்காக ஊர்ந்து போக வேண்டியதில்லை. கொச்சியில் மார்கழியிலும் குளிர் கிடையாது. பகலில் 31, 32 டிகிரி, விடியற்காலையில் 23 அளவுக்கு இறங்கும், மழை அநேகமாக இருக்காது. அதனால் ஓட்டலின் நீச்சல் குளத்தை எந்த நேரமும் பயன்படுத்தலாம், மாலையில் தண்ணீர் ஓரமாக உட்காரலாம். ஸ்வெட்டர் வாங்கும் காசு மிச்சம்.

ஓட்டலைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் பெரும்பாலும் நட்சத்திரத்தையும் படங்களையும் ஒப்பிடுகிறார்கள். நீங்கள் எழுதியிருக்கும் மூன்றுமே அந்த விஷயத்தில் குறை சொல்ல முடியாதவை. நீங்கள் பார்க்க வேண்டியது வேறு: ஜன்னலைத் திறந்தால் என்ன தெரியும், கீழே இறங்கினால் எங்கே நடக்கலாம், உங்கள் அறை அந்தக் கட்டடத்தில் எந்த மூலையில் இருக்கிறது. புதுமணத் தம்பதி மற்றப் பயணிகளைவிட அதிக நேரம் அறையிலேயே இருப்பார்கள். அதனால் ஓட்டலைவிட அறைதான் முக்கியம்.

இடத்திலிருந்து தொடங்குகிறேன். கொச்சி தண்ணீரால் துண்டு துண்டாகப் பிரிந்த ஊர். எந்தத் துண்டில் தங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து மூன்று நாளும் மாறிவிடும். இடப்பள்ளி தேசிய நெடுஞ்சாலைச் சந்திப்பு. மால் பக்கத்திலேயே இருக்கிறது, மெட்ரோ நிலையத்திலிருந்து மாலுக்கு நேராக நடைபாலம் இருக்கிறது, எல்லாம் வசதிதான். ஆனால் ஜன்னலில் தெரிவது சாலை. கடைக்குப் போக வேண்டுமென்றால் ஒரு மதியம் மெட்ரோ ஏறிப் போய் வந்துவிடலாம், அதற்காக அங்கேயே மூன்று இரவு தங்க வேண்டாம். அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

வில்லிங்டன் தீவு 1930களில் துறைமுகத்துக்காக ஆழப்படுத்தியபோது தோண்டிய மண்ணைக் கொட்டி உருவாக்கியது. அதன் முனையில் நின்றால் கப்பல்கள் உள்ளே வரும் வாய்க்கால் கண்ணுக்கு நேரே கிடக்கும். எதிர்க்கரையில் ஃபோர்ட் கொச்சி. கப்பலை இழுத்துவரும் சின்னப் படகுகளையும், அதிர்ஷ்டம் இருந்தால் துள்ளும் டால்பின்களையும் அறையிலிருந்தே பார்க்கலாம். டிசம்பர் கடைசியில் சூரியன் மாலை 6.10 வாக்கில் மறையும். மேற்குப் பார்த்த அறை கிடைத்தால் அந்த நேரத்துக்கு எங்கும் போகத் தோன்றாது. ஆனால் ஒன்று: தீவு துறைமுகமும் கடற்படையும் இருக்கிற இடம். இரவு பத்து மணிக்குச் சும்மா நடந்துபோய் ஒரு டீ குடிக்கலாம் என்றால் முடியாது, வண்டி வேண்டும்.

போல்காட்டி எர்ணாகுளம் கரைக்கு எதிரில் காயலுக்குள் இருக்கும் தீவு. டச்சுக்காரர்கள் 1744இல் கட்டிய அரண்மனை இங்கேதான் இருக்கிறது. பாலமும் உண்டு, வாட்டர் மெட்ரோ படகும் உண்டு. இரவில் மெரின் டிரைவ் விளக்குகள் காயலில் விழுவது நல்ல காட்சி. நீங்கள் கேட்ட ஓட்டலோடு ஒட்டி மிகப் பெரிய மாநாட்டு அரங்கம் ஒன்று இருக்கிறது. அது ஏன் முக்கியம் என்பதைக் கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

ஃபோர்ட் கொச்சியின் பழைய கட்டட ஓட்டல்களுக்குத் தனி அழகு. மர மச்சு, உயரமான ஜன்னல், வெளியே வந்தால் மழைமரங்கள் நிழல் போட்ட தெரு, வாஸ்கோட காமாவை 1524இல் முதலில் அடக்கம் செய்த புனித பிரான்சிஸ் தேவாலயம், கரையில் சீன வலை. எல்லாவற்றையும் நடந்தே பார்க்கலாம். அறைகள் குறைவு, சிலவற்றில் லிஃப்ட் இருக்காது, மரத்தளத்தில் மேல்மாடிக்காரர் நடந்தால் கீழே கேட்கும். இன்னொன்று, கொச்சி பினாலே என்ற பெரிய கலைக் கண்காட்சி நடக்கிற ஆண்டுகளில் அநேகமாக டிசம்பர் 12ஆம் தேதியே தொடங்கிவிடும். அப்போது இங்கே அறை கிடைப்பதே பெரிய பாடு.

என் தேர்வைக் கேட்டால், தண்ணீரைப் பார்த்த அறை கிடைக்கும் என்றால் வில்லிங்டன் தீவு, இல்லாவிட்டால் ஃபோர்ட் கொச்சியில் ஒரு பழைய கட்டடம். மூன்று இரவை இரண்டு ஓட்டலுக்குப் பிரிக்காதீர்கள். ஒன்றில் காலை 11, 12 மணிக்கு வெளியேற்றுவார்கள், மற்றதில் மதியம் 2, 3 மணிக்குத்தான் சாவி தருவார்கள். நடுவில் அரைநாள் பெட்டியைக் கட்டி இழுப்பதிலேயே போய்விடும்.

அடுத்தது தேதி. உங்கள் பணத்தில் பெரிய ஓட்டை விழுவது இங்கேதான். டிசம்பர் 24 இரவும் 31 இரவும் பெரிய ஓட்டல்கள் பலவற்றில் ‘காலா டின்னர்’ கட்டாயம். தங்குகிற ஒவ்வொருவருக்கும் தலைக்கு இவ்வளவு என்று வாடகைக்கு மேல் வாங்குவார்கள், நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும். முன்பதிவு உறுதிக் கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரியாக இருக்கும், அறை வாடகையில் சேர்ந்திருக்காது. ஆகவே 26ஆம் தேதி நுழைந்து 29ஆம் தேதி கிளம்புங்கள். இரண்டு விருந்துக்கும் நடுவில் மூன்று இரவு அழகாக அமைந்துவிடும், மனைவியின் விடுமுறைக்கும் பொருந்தும். 31ஆம் தேதி நள்ளிரவில் ஃபோர்ட் கொச்சியில் பாப்பாஞ்ஞி என்ற பெரிய பொம்மையை எரிப்பதைப் பார்க்க ஆசை வரலாம். லட்சக்கணக்கில் கூட்டம் கூடும் இடம் அது. வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், திரும்பி வர விடிந்துவிடும். கல்யாணமான மூன்றாம் வாரத்தில் அந்த நெரிசல் வேண்டாம்.

மார்கழியில் கல்யாணம் இருக்காது, ஓட்டல் அமைதியாக இருக்கும் என்று நாம் நினைத்துவிடுவோம். கொச்சியில் நேர்மாறு. அங்கே சிரியன் கிறிஸ்தவக் குடும்பங்கள் கிறிஸ்துமஸுக்கு முன் இருபத்தைந்து நாள் நோன்பு இருப்பார்கள். நோன்பு முடிந்ததும் கல்யாணங்கள் வரிசை கட்டும். வளைகுடாவில் இருப்பவர்கள் எல்லாம் அப்போதுதான் ஊருக்கு வந்திருப்பார்கள். நீங்கள் தங்குகிற தேதிகளில் பெரிய அரங்கம் உள்ள எந்த ஓட்டலிலும் தினம் ஒரு வரவேற்பு நடக்க வாய்ப்பு அதிகம். இன்னிசைக் கச்சேரி, வாசலில் வண்டி வரிசை, காலைச் சாப்பாட்டுக் கூடத்தில் ஐம்பது பேர் கொண்ட கல்யாண வீட்டார். போல்காட்டியைத் தேர்ந்தால் அரங்கத்துக்கு எதிர்ப்பக்கத்து அறை வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இப்போது அறை. இணையத்தில் விலையைப் பாருங்கள், ஆனால் பணம் கட்டுமுன் ஓட்டலின் முன்பதிவுப் பிரிவுக்கே நேரடியாக ஃபோன் செய்யுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள், இவையெல்லாம் அவர்கள் தினமும் பதில் சொல்கிற கேள்விகள்தான். ‘சீ வியூ’ என்றால் முழுதாகவா, ஓரமாகவா? ‘பார்ஷியல் வியூ’ என்று இருந்தால் பால்கனியில் எட்டிப் பார்த்தால்தான் தண்ணீர் தெரியும். கட்டில் ஒரே கட்டிலா, இரண்டு ஒற்றைக் கட்டில்களை ஒட்டிப் போட்டதா? அதற்கு ஓட்டல்காரர்கள் ‘ஹாலிவுட் ட்வின்’ என்பார்கள். மேலே ஒரே விரிப்பைப் போட்டு இறுக்கி மூடியிருப்பதால் பார்க்கத் தெரியாது, படுத்த பிறகுதான் நடுவில் பிளவு தெரியும். பக்கத்து அறைக்குத் திறக்கும் உள்கதவு உண்டா? குடும்பமாக வருகிறவர்களுக்காக வைக்கிற அந்தக் கதவு எவ்வளவு பூட்டினாலும் பேச்சை அடக்காது. இரு பக்கப் பேச்சும் அப்படித்தான்.

இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள். நகரத்துப் புது ஓட்டல்கள் பலவற்றில் குளியலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவில் சுவர் இருக்காது, முழுக் கண்ணாடிதான். பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணத்தில், ஒருவரை ஒருவர் அப்போதுதான் அறிந்துகொண்டிருக்கும் நேரத்தில், அது பெண்ணுக்கு எவ்வளவு சங்கடம் என்று ஓட்டல் கட்டியவர்கள் யோசிப்பதில்லை. மறைக்கிற திரை இருக்கிறதா, அது உள்ளிருந்து இயங்குமா என்று நீங்கள் கேளுங்கள். அவர் கேட்க வேண்டிய நிலை வரக் கூடாது. இதை நான் எல்லா மாப்பிள்ளைகளுக்கும் சொல்வேன்.

‘ஹனிமூன் பேக்கேஜ்’ வாங்காதீர்கள். கட்டிலில் ரோஜா இதழ், ஒரு கேக், மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒரு சாப்பாடு, இதற்கு ஆயிரக்கணக்கில் தனி விலை. புதுமணத் தம்பதி என்று மின்னஞ்சலில் ஒரு வரி எழுதினால் கேக்கைப் பெரும்பாலும் அவர்களே வைப்பார்கள். பெரிய அறைக்கு இலவசமாக மாற்றித் தருவார்களா என்றால், டிசம்பர் கடைசியில் எதிர்பார்க்க வேண்டாம்.

பணக் கணக்கு. ஒரு நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி 18 சதவீதம். இணையத்தில் முதலில் கண்ணில் படும் விலையில் பல தளங்கள் வரியைச் சேர்ப்பதில்லை. உங்கள் 70,000க்குள் அடங்க வேண்டுமானால் வரிக்கு முந்தைய விலை ஒரு இரவுக்கு 19,700ஐத் தாண்டக் கூடாது. மூன்று இரவுக்கு 59,100, வரியோடு 69,738. இந்தத் தரத்து ஓட்டலின் உணவகத்திலும் 18 சதவீத வரிதான், வெளியே சாதாரண உணவகத்தில் 5. எனவே காலைச் சாப்பாடு மட்டும் சேர்ந்த ‘சிபி பிளான்’ எடுங்கள். இரவுச் சாப்பாடும் சேர்ந்த ‘எம்ஏபி’ கொச்சிக்குத் தேவையில்லை. அப்பமும் கடலைக்கறியும் புட்டும் காலையில் வயிறாரச் சாப்பிட்டால் மதியம் இலேசாகப் போய்விடும், இரவுக்கு ஊரே கிடக்கிறது.

ரத்து செய்தால் பணம் திரும்பாத விலை கொஞ்சம் குறைவாக இருக்கும். கல்யாண வீட்டில் எது எப்போது மாறும் என்று யாருக்குத் தெரியும்? கூடக் கொடுத்தாலும் ரத்து வசதி உள்ளதையே எடுங்கள். உள்ளே நுழையும்போது முன்பணமாக ஒரு தொகையைக் கார்டில் நிறுத்தி வைப்பார்கள். கிரெடிட் கார்டு என்றால் வரம்பில் மட்டும் குறையும். டெபிட் கார்டு என்றால் கணக்கிலிருந்து பணமே போய், திரும்பி வரச் சில நாள் ஆகும். கையில் உள்ள செலவுக் காசு அதில் முடங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் ஆளுக்கொரு அசல் அடையாள அட்டை போதும். ஆதாரில் மனைவியின் பெயரோடு அவர் அப்பா பெயர் இருந்தால் ஒரு சிக்கலும் இல்லை, அவசரப்பட்டு மாற்ற வேண்டாம்.

கடைசியாக ரயில். பாலருவி எக்ஸ்பிரஸ் நடுராத்திரி தாண்டி செங்கோட்டைக்கு வந்து, காலையில் எர்ணாகுளம் டவுனில் இறக்கிவிடும். அறையோ மதியம்தான். தூக்கக் கலக்கத்தில் லாபியில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்தால் முதல் நாளே வீண். சீக்கிரம் அறை வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். கூட்டமான நாட்களில் உறுதி தரமாட்டார்கள், பெட்டிகளை வாங்கி வைத்துக்கொள்வார்கள், நீச்சல் குளத்தை ஒட்டிய உடைமாற்றும் அறையில் குளித்துக்கொள்ள விடுவார்கள். குளித்து, சாப்பிட்டு, ஃபோர்ட் கொச்சிப் பக்கம் ஒரு சுற்றுப் போய் வந்தால் மதியம் அறை தயாராக இருக்கும். திரும்பும் வண்டி மாலையில்தான், அன்றும் பெட்டியை ஓட்டலிலேயே விட்டுவைக்கலாம்.

சபரிமலையில் மண்டல பூஜை 26 அல்லது 27ஆம் தேதி வரும். செங்கன்னூர், கோட்டயம் வழியாகப் போகும் வண்டி என்பதால் சாமிமார் கூட்டம் நிறையவே இருக்கும். சாலையில் போகலாம் என்றாலும் ஆரியங்காவு, அச்சன்கோவில் கூட்டம் சேர்ந்து புனலூர் வரை மெதுவாகத்தான் போக முடியும். முன்பதிவு 60 நாளுக்கு முன் காலை 8 மணிக்குத் திறக்கிறது. நீங்கள் 25ஆம் தேதி இரவு வீட்டிலிருந்து கிளம்பினாலும், வண்டி செங்கோட்டைக்கு வரும்போது தேதி மாறிவிடும், டிக்கெட்டில் பயணத் தேதி 26 என்று இருக்க வேண்டும். ஆனால் 60 நாளை வண்டி தூத்துக்குடியில் புறப்படும் 25ஆம் தேதியிலிருந்து கணக்கிடுவார்கள். அதனால் போகும் டிக்கெட்டுக்கு அக்டோபர் 26, திரும்பும் டிக்கெட்டுக்கு அக்டோபர் 30, இரண்டு நாளும் எட்டு மணிக்கு முன்பே உட்கார்ந்துவிடுங்கள்.