பாறைக்கு அடியில வளர்ந்த ஊர்: அபெயோகுட்டா பத்தி வாசகர் கேள்விகள்

போன இதழ்ல தென்மேற்கு நைஜீரியாவுல வாழற யொருபா மக்களோட ஊர்கள் பத்தி எழுதினப்போ அபெயோகுட்டா பத்தி ஒரு பாரா வந்துச்சு. வந்த கேள்விகள்ல முக்கால்வாசி அந்த ஒரு ஊர பத்திதான், அதனால இந்த வாரம் பகுதி முழுக்க அதுக்கே.

கேள்வி: இந்த ஊர கட்டினது எந்த ராஜா? எவ்ளோ பழைய ஊர்? (திருப்பூர் வாசகி)

ராஜா யாரும் கட்டலைங்க, அதுதான் இந்த ஊரோட விசேஷமே. 1820கள்ல ஓயோ பேரரசு உடைஞ்சிட்டு இருந்த நேரம், யொருபா நாடு முழுக்க சண்டை, யொருபாவுல ஒரு பிரிவான எக்பா மக்களோட காட்டு கிராமங்கள் ஒண்ணு ஒண்ணா எரிஞ்சுது, பிடிபட்டவங்கள கடற்கரைக்கு நடத்திக் கூட்டிட்டுப் போய் அடிமையா வித்தாங்க. தப்பிச்சவங்க கொஞ்ச நாள் இபாதான்ங்கற ஊர்ல ஒண்டியிருந்தாங்க, அங்கயும் உயிருக்கு உத்தரவாதம் இல்லனு ஆனதும் 1830 வாக்குல ஷோடெக்கேனு ஒரு தலைவர் பின்னாடி கிளம்பி ஓகுன் ஆத்தோட கிழக்கு கரைக்கு வந்து சேர்ந்தாங்க. இன்னைக்கு லாகோஸ்லேர்ந்து வடக்கே சுமார் 80 கிலோமீட்டர், ஓகுன் மாநிலத்தோட தலைநகர்.

ஷோடெக்கே போர்த்தலைவர்தான், முடி சூட்டிக்கல. எல்லாருக்கும் பொதுவா அலாக்கேங்கற ராஜா வந்தது 1854லதான், ஓகுகெனுனு ஒருத்தர். அதாவது கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு ஒரு பெரிய ஊர் பொது ராஜா இல்லாமலே நடந்திருக்கு, ஓக்போனிங்கற பெரியவங்க சபைகளும் போர்த்தலைவர்களும் சேர்ந்து நடத்தியிருக்காங்க. இன்னொண்ணு, எரிஞ்சு போன கிராமத்து ஆளுங்க இங்க வந்தப்போ தங்களோட ஊர் பேர விடல. ஆக்கே, இஜெமோ, இக்பெய்ன், கெம்டானு பழைய கிராமத்து பேர்லயே தனித்தனி பேட்டையா உக்காந்தாங்க, ஒவ்வொண்ணுக்கும் தனி தலைவர், தனி சபை. 1834ல ஓவுங்கற இன்னொரு யொருபா பிரிவு மக்கள் வந்தாங்க, அவங்க ஊரும் தரைமட்டமானதுதான், அவங்களுக்கும் இடம் கொடுத்தாங்க. இன்னைக்கும் ஊருக்குள்ள பிரிவுக்கு ஒருத்தரா நாலு ராஜாக்கள்: அலாக்கே, ஓக்கே-ஓனாவோட ஓசிலே, க்பகுராவோட அகுரா, ஓவுவோட ஓலோவு. இதுல அலாக்கேவுக்குதான் முதல் இடம். உயிர் பிழைக்க ஓடி வந்தவங்க அடையாளத்த தொலைச்சிட்டு ஒண்ணா கலக்கணும்னு யாரும் கேக்கல. அத நான் ரொம்ப பெரிய விஷயமா பாக்கறேன்.

கேள்வி: ஓலுமோ பாறைய கும்பிடறாங்களாமே? (நாகர்கோவில் வாசகர்)

ஆமா. அபெயோகுட்டாவுக்குள்ளயே, கடல் மட்டத்துலேர்ந்து 137 மீட்டர் உயரத்துல நிக்கற கருங்கல் பாறை அது. சண்டைக்காலத்துல ஜனங்க குகைகள்ல ஒளிஞ்சிருந்தாங்க, சமைச்சாங்க, தானியம் அரைச்சாங்க, அரைச்ச குழிகள் பாறையில இன்னும் இருக்கு. மேல ஏறி நின்னா யாரு வராங்கனு ரொம்ப தூரத்துலயே தெரிஞ்சிடும். காப்பாத்தின பாறைங்கறதால அது தெய்வம், கோயில் இருக்கு, அத பாத்துக்கற பெண் பூசாரிகளும் உண்டு, வருஷா வருஷம் திருவிழாவும் பலியும் நடக்கும். இப்ப சுற்றுலாவுக்கு லிஃப்ட் வெச்சிருக்காங்க, கால் நல்லா இருக்கறவங்க பாறையில வெட்டின பழைய படி வழியா இடுக்குல நுழைஞ்சு போறதுதான் நல்லது, ஜனங்க எப்படி ஒளிஞ்சிருப்பாங்கனு அப்பதான் புரியும்.

கேள்வி: லிசாபினு ஒருத்தர் பேர்ல விழா எடுக்கறாங்களே, யார் அவர்? (மதுரை கல்லூரி மாணவர்)

அபெயோகுட்டா உருவாகறதுக்கு அம்பது வருஷம் முன்னாடி வாழ்ந்தவர், 18ஆம் நூற்றாண்டு கடைசி. அப்ப எக்பா கிராமங்கள் ஓயோ பேரரசுக்கு அடங்கி இருந்துச்சு, ஓயோவோட ஆளுங்க ஒவ்வொரு கிராமத்துலயும் உக்காந்து வரி வாங்கிட்டு அட்டகாசம் பண்ணிட்டு இருந்தாங்க. லிசாபி விவசாயி. இன்னைக்கு உன் நிலத்துல எல்லாரும் வேலை செய்வோம் நாளைக்கு என் நிலத்துலனு முறை வெச்சுக்கற ஆரோங்கற பழக்கம் அங்க ஏற்கனவே இருந்துச்சு, அந்த கூட்டத்தையே கொஞ்சம் கொஞ்சமா ரகசியப் படையா மாத்திட்டார். மண்வெட்டியோட போற ஆளுங்கள யார் சந்தேகப்படுவா? குறிச்ச நாள்ல எல்லா கிராமத்துலயும் ஓயோ அதிகாரிகள கொன்னாங்க, அப்புறம் வந்த ஓயோ படையையும் விரட்டினாங்க. எக்பா ஆளுங்க தங்கள லிசாபியோட பிள்ளைங்கனு சொல்லிக்கறது இதனாலதான்.

கேள்வி: தஹோமியோட பெண் படை இந்த ஊரு மேல படையெடுத்துச்சுங்கறது நிஜமா? (கோவை வாசகி)

நிஜம், ரெண்டு தடவை. தஹோமி இன்னைக்கு பெனின் நாட்டுல இருக்கற பகுதி. 1851 மார்ச் 3ஆம் தேதி ராஜா கெஸோவோட படை வந்துச்சு, அதுல ஆயிரக்கணக்குல பெண் வீரர்கள். வழியில இருந்த இஷாகா ஊர்க்காரங்க தஹோமிக்கு நண்பன் மாதிரி நடிச்சு, பட்டப்பகல்ல தாக்குங்க, இந்தப் பக்கமா போங்கனு சொல்லி, மதில் நல்லா பலப்படுத்தி வெச்சிருந்த பக்கமா அனுப்பிட்டாங்க. தஹோமி தோத்து திரும்புச்சு. 1864ல கெஸோவோட மகன் க்லெலே வந்தார், அவரும் தோத்தார். நடுவுல 1862ல இஷாகாவ அழிச்சு பழி தீர்த்துக்கிட்டார், அந்த சின்ன ஊர் கொடுத்த விலைய யாரும் பெருசா பேசறதில்ல.

இந்த போர்கள்ல எக்பா பக்கம் துப்பாக்கி மருந்தும் ஆயுதமும் சப்ளை பண்ணினவங்கள்ல முக்கியமானவங்க மேடம் டினுபு, பெரிய வியாபாரி. லாகோஸ் அரசியல்ல தலையிட்டதால 1856ல ஆங்கிலேய கான்சல் அவங்கள வெளியேத்தினார், பொறந்த மண்ணான எக்பா பக்கம் வந்தவங்களுக்கு 1864ல இயாலோடேங்கற பதவி கொடுத்தாங்க, ஊர் பெண்களுக்கெல்லாம் தலைவி. அவங்க அடிமை வியாபாரமும் பண்ணினவங்கதான். அடிமை வேட்டையிலேர்ந்து தப்பி ஓடி வந்தவங்களோட ஊர்ல அடிமைகளும் இருந்தாங்கங்கறது கசக்கற உண்மை, வீரக்கதை சொல்லும்போது இத மறைக்கறது எனக்கு சரியா படல.

கேள்வி: ஆப்பிரிக்க மொழியில முதல் பத்திரிகைகள்ல ஒண்ணு இங்கதான் வந்துச்சுனு படிச்சேன், காட்டுக்கு நடுவுல அச்சகம் எப்படி? (சேலம் வாசகர்)

காடுனு நெனச்சுக்காதீங்க, அப்பவே பெரிய ஜனத்தொகை உள்ள நகரம் அது. அடிமைக் கப்பல்கள ஆங்கிலேய கடற்படை மடக்கி, அதுல இருந்தவங்கள சியரா லியோன்ல இறக்கி விட்டுச்சு. அங்க படிச்சு, கிறிஸ்தவங்களா மாறி, தொழில் கத்துக்கிட்ட எக்பா மக்கள் 1839லேர்ந்து சொந்த ஜனங்கள தேடி கடல் வழியா திரும்பி வர ஆரம்பிச்சாங்க. அவங்கள சாரோனு கூப்பிடுவாங்க. அவங்க பின்னாடியே மிஷனரிகளும் வந்தாங்க.

சாமுவேல் அஜாயி க்ரௌதர் கதை இங்கதான் வருது. 1821ல ஓஷோகுன் ஊர்ல பையனா பிடிபட்டு, கை மாறி கை மாறி விக்கப்பட்டு, கப்பல்லேர்ந்து மீட்கப்பட்டவர். 1846ல பாதிரியா அபெயோகுட்டாவுக்கு வந்தார், வந்த கொஞ்ச நாள்லயே பக்கத்துல ஒரு ஊர்ல அவரோட அம்மா உயிரோட இருக்கறது தெரிஞ்சுது. 25 வருஷம் கழிச்சு ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு பேச்சே வராம நின்னாங்களாம். அந்த அம்மாவுக்கு இவர்தான் பின்னாடி ஞானஸ்நானம் கொடுத்தார். யொருபா பைபிள் மொழிபெயர்ப்புல அவரோட உழைப்புதான் பெரும்பங்கு.

பத்திரிகைக்கு வரேன். ஹென்றி டவுன்சென்ட்ங்கற மிஷனரி 1859ல இவே இரோஹின் ஆரம்பிச்சார், யொருபா மொழியில, அடுத்த வருஷமே ஆங்கிலமும் சேர்ந்துச்சு. விலை 120 சோழி, அப்ப அங்க சோழிதான் காசு. சர்ச் செய்தி, ஊர் செய்தி, பருத்தி விலை எல்லாம் வரும். ஆனா லாகோஸ்ல உக்காந்திருந்த ஆங்கிலேய அரசோட எக்பா மக்களுக்கு தகராறு முத்தி, 1867ல வெள்ளைக்காரங்கள ஊர விட்டே விரட்டினாங்க, அதோட பத்திரிகையும் நின்னு போச்சு.

கேள்வி: பெண்கள் போராடி ஒரு ராஜாவையே இறக்கினாங்கனு எழுதியிருந்தீங்க. விவரமா சொல்லுங்களேன். (திருச்சி வாசகி)

இந்த கேள்விக்காகத்தான் காத்திட்டு இருந்தேன்.

1893ல ஆங்கிலேயர் ஒப்பந்தம் போட்டு எக்பா நாட்டோட சுதந்திரத்த ஒத்துக்கிட்டாங்க, 1914ல அதையும் பிடுங்கிட்டாங்க. அந்த வருஷம் இஜெமோ பேட்டையில துப்பாக்கிச்சூடு நடந்து பல பேர் செத்தாங்க, தனி அரசு முடிஞ்சுது. 1918ல நேரடி வரி வந்துச்சு, உடனே கலவரம், ரயில் தண்டவாளத்த பேத்தாங்க, அதையும் அடக்கிட்டாங்க. அந்த வரியில ஒரு அநியாயம் என்னன்னா பெண்களுக்கும் தனியா வரி, அதுவும் பையனுக்கு 16 வயசுல ஆரம்பிச்சா பொண்ணுக்கு 15லயே. வயசு எப்படி கண்டுபிடிப்பாங்க? வரி வசூல் பண்றவன் நடுத்தெருவுல பொண்ணோட சட்டைய கழட்டி மார்ப பாத்து முடிவு பண்ணினான்னு பெண்கள் புகார் சொன்னாங்க. இரண்டாம் உலகப்போர் நேரத்துல மார்க்கெட் பெண்களோட அரிசியையும் அடிமாட்டு விலைக்கு பிடுங்கினாங்க. வெள்ளைக்காரன் நேரா கை வைக்கல, அலாக்கே இரண்டாம் அடெமோலா பேர்ல எல்லாம் நடந்துச்சு.

இதுக்கு எதிரா பெண்கள திரட்டின ஃபுன்மிலாயோ ரான்சம்-குட்டி 1900ல இதே ஊர்ல பொறந்தவங்க, அபெயோகுட்டா கிராமர் ஸ்கூல்ல சேர்ந்த முதல் பொண்ணுங்கள்ல ஒருத்தர், இங்கிலாந்துல படிச்ச டீச்சர். முதல்ல படிச்ச குடும்பத்து பெண்களுக்கு ஒரு கிளப் நடத்தினாங்க, தையல், சமையல், பேச்சுனு. அப்புறம் மார்க்கெட் பெண்கள் எழுதப் படிக்க கத்துக்க வந்தாங்க, வந்தவங்க சொன்ன அரிசிக் கதைய கேட்டதும் கிளப்போட போக்கே மாறிடுச்சு. 1946ல அது அபெயோகுட்டா பெண்கள் சங்கம் ஆச்சு, படிச்சவங்களும் தெருவுல விக்கறவங்களும் ஒரே சங்கத்துல. ஃபுன்மிலாயோ கவுன விட்டுட்டு யொருபா துணிதான் கட்டினாங்க, ஆங்கிலேய அதிகாரிகிட்டயும் யொருபாலயே பேசினாங்க, மொழிபெயர்ப்பாளன் வேணும்னா அவன் வெச்சுக்கட்டும். சங்கம் சொந்த காசுல ஆடிட்டர் வெச்சு வரிப்பண கணக்க துருவிப் பாத்துச்சு, மனு மேல மனு அனுப்புச்சு. ஊர்வலத்துக்கு அனுமதி இல்லனு சொன்னப்போ ஊர்வலத்த பிக்னிக்னும் திருவிழானும் பேர் மாத்தி நடத்தினாங்க. கண்ணீர் புகை குண்ட எப்படி எடுத்து திருப்பி வீசறதுனு பயிற்சி வேற.

1947 நவம்பர் கடைசியில சுமார் பத்தாயிரம் பெண்கள் அரண்மனை வாசல்ல ராத்திரி பகலா உக்காந்து ராஜாவ திட்டி பாட்டு பாடினாங்க, இத்தன காலம் எங்கள அடக்கினே இப்ப எங்க முறைங்கற மாதிரி பாட்டுகள். 1948 முழுக்க அழுத்தம் குறையல, 1949 ஜனவரியில அலாக்கே பதவி விலகி ஊர விட்டே போனார். பெண்கள் மேல இருந்த தனி வரி போச்சு, ஊர் கவுன்சில்ல பெண்களுக்கு இடம் கிடைச்சுது. 1950 கடைசியில அவர் திரும்ப பதவிக்கு வந்தார்ங்கறதும் நடந்துச்சு, ஆனா முன்ன மாதிரி அதிகாரம் கையில இல்ல. எனக்கு பட்டத சொல்றேன், மேடம் டினுபு மாதிரி பெண்கள் இந்த ஊர்ல ஏற்கனவே வியாபாரத்துலயும் போர்லயும் கை வெச்சிருந்தாங்க, ஒவ்வொரு மார்க்கெட்டுக்கும் தனி தலைவி இருந்தாங்க, அந்த அமைப்பு மேலதான் ஃபுன்மிலாயோ சங்கத்த கட்டினாங்க. தனி ஒருத்தரோட சாகசமா மட்டும் இத சொன்னா அந்த பத்தாயிரம் பேருக்கு நியாயம் செஞ்ச மாதிரி ஆகாது.

1977ல ஃபுன்மிலாயோவோட மகன், பாடகர் ஃபெலா குட்டியோட லாகோஸ் வீட்ட ராணுவம் தாக்கினப்போ இவங்கள மாடி ஜன்னல் வழியா தூக்கி வீசினாங்க, அந்த காயத்துலேர்ந்து மீளாம 1978ல இறந்தாங்க.

கேள்வி: ஃபெலா குட்டியும் வோலே ஷோயிங்காவும் சொந்தக்காரங்களா? (சென்னை வாசகர்)

ஆமா, நெருங்கின சொந்தம். ரெண்டு பேரும் அபெயோகுட்டாவுல பொறந்தவங்கதான், ஷோயிங்கா 1934, ஃபெலா 1938. பெண்கள் போராட்டத்தப்போ ஷோயிங்கா சின்ன பையன், பெண்கள் கூட்டத்துக்கு நடுவுல தகவல் கொண்டு போற வேலையெல்லாம் பாத்திருக்கார். 1986ல இலக்கிய நோபல் வாங்கினார், லாகோஸ்-இபாதான் புது ரயில் பாதையில அபெயோகுட்டா ஸ்டேஷனுக்கு அவர் பேர்தான்.

கேள்வி: அங்க போனா என்ன சாப்பிடலாம்? (தஞ்சாவூர் வாசகர்)

லாஃபுன். மரவள்ளிக்கிழங்க ஊறவெச்சு புளிக்க வெச்சு காயவெச்சு இடிச்ச மாவ கொதிக்கற தண்ணியில கிண்டி எடுக்கறது, நம்ம களி மாதிரி, கையால பிச்சு வழவழப்பான எவேடு கீரை குழம்புல தொட்டு விழுங்கணும். எக்பா ஆளுங்களுக்கு இது உயிர். இன்னொண்ணு ஓஃபாடா அரிசி, இதே மாநிலத்துல ஓஃபாடாங்கற ஊரோட பேர். பாலிஷ் போடாத அரிசி, இலையில பொதிஞ்சு, செம காரமான மிளகாய் குழம்போட தருவாங்க.

கேள்வி: அடிரெ துணி ஒரிஜினலானு எப்படி பாக்கறது? நான் டெக்ஸ்டைல் லைன்ல இருக்கேன். (ஈரோடு வாசகர்)

அடிரெங்கறது யொருபா பெண்கள் நீலச் சாயம் போட்டு டிசைன் பண்ற துணி. அபெயோகுட்டாவுல இடோக்கு மார்க்கெட்தான் இதுக்கு பேர் போன இடம். 20ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல மான்செஸ்டர்லேர்ந்து வெள்ளைத் துணி மலிவா வந்து குவிஞ்சப்போ இங்கத்த பெண்கள் அத வாங்கி சாயம் போட்டு பெரிய வியாபாரமா ஆக்கினாங்க. எலுனு ஒரு செடியோட இலைய இடிச்சு உருண்டை பிடிச்சு காயவெச்சு, சாம்பல் தண்ணியில ஊறப்போட்டு எடுக்கற நீலம், பானையில துணிய முக்கி முக்கி எடுக்க எடுக்க நிறம் ஏறும். ராஃபியா பனை நாரால முடிச்சு போட்டு பண்றது ஓனிக்கோ, மரவள்ளி கஞ்சிய கோழி இறகால துணியில வரைஞ்சு சாயம் போட்டு அப்புறம் கஞ்சிய சுரண்டி எடுக்கறது எலேக்கோ. இறகு வேலை பெண்களோடது, கஞ்சி பூசறதுக்கான தகர அச்சு வெட்டறது ஆண்களோடது. 1930கள்ல காஸ்டிக் சோடாவும் செயற்கை நீலமும் வந்து தரம் போச்சுனு பெரிய சண்டையே நடந்துச்சு, அதுக்கு தடை கூட வந்துச்சு. இப்ப சீனாவுலேர்ந்து மெஷின்ல பிரிண்ட் அடிச்சு அதே டிசைன் மலிவா வருது, சாயக்காரம்மாக்களுக்கு இதுதான் பெரிய அடி.

பாக்க வேண்டியது: டிசைன் மீட்டருக்கு மீட்டர் அச்சு அசலா அப்படியே திரும்ப வந்தா மெஷின் வேலை, கையில போட்டதுல எங்கயாவது கோடு கொஞ்சம் கோணும். எலேக்கோல ஒரு பக்கம்தான் கஞ்சி பூசறதால பின்பக்கம் டிசைன் மங்கலாவும் நீலம் கூடுதலாவும் இருக்கும், அத பாத்து டூப்ளிகேட்னு நெனச்சிடாதீங்க. ஓனிக்கோல நார் இறுக்கி கட்டின இடத்துல சுருக்கத் தடம் தெரியும். ஈர வெள்ளைத் துணியால தேச்சா செடி நீலம் முதல்ல கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும், அதனால ரெண்டு மூணு தடவை தனியா அலசுங்க, வெயில்ல போடாம நிழல்ல காயவைங்க.