வலி மதிப்பெண்ணுக்குச் சராசரி போடலாமா?

அறுவைச் சிகிச்சை முடிந்த நோயாளிகளிடம் 0 முதல் 10 வரை வலி மதிப்பெண் கேட்டு வாங்கியிருக்கிறீர்கள், சராசரி போடலாமா என்று கேட்கிறீர்கள். பலரும் போடுகிறார்கள். ஆனால் நான் மீடியனைத்தான், அதாவது மதிப்பெண்களை வரிசையாக அடுக்கினால் நடுவில் வரும் இடைநிலை அளவைத்தான் சொல்வேன்.

1946இல் ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் அளவீடுகளை நான்கு வகையாகப் பிரித்தார். வலி மதிப்பெண் அதில் வரிசை அளவீடு. 8 என்பது 4ஐவிட அதிக வலி, அவ்வளவுதான். இரண்டு மடங்கு வலி என்று சொல்ல முடியாது.

ஏழு பேர் 2, 2, 3, 3, 4, 9, 10 என்று சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 4.7. அந்த வார்டில் அப்படிப்பட்ட வலி யாருக்குமே இல்லை! மீடியன் 3. அதோடு கால்மான வீச்சையும், அதாவது நடுவில் உள்ள பாதிப் பேரின் மதிப்பெண் எதிலிருந்து எதுவரை என்பதையும் எழுதினால் 9, 10 சொன்னவர்கள் மறைய மாட்டார்கள்.

சரி, கணக்கைவிட எனக்குப் பெரிய கவலை மதிப்பெண் வாங்கும் விதம்தான். அசையாமல் படுத்திருக்கும்போது 2 சொல்பவர், இருமச் சொன்னால் முகம் சுளித்து 7 என்பார். வலி மருந்து கொடுத்து எவ்வளவு நேரம் கழித்து, படுத்த நிலையிலா இருமும்போதா என்பதை எல்லோருக்கும் ஒரே மாதிரி வைத்துப் படிவத்திலேயே குறியுங்கள். அப்புறம், தூங்குபவருக்கு 0 போடவே போடாதீர்கள். கட்டத்தைக் காலியாக விட்டு, பக்கத்தில் ‘உறக்கம்’ என்று எழுதுங்கள்.