மாதிரிப் படகின் மேல்தளம் நிஜ மரத்தளம்போல் தெரிய என்ன செய்ய வேண்டும்?

தளப் பூச்சு என்பது வெறும் வண்ணம் அல்ல. பலகை, பலகைகளுக்கு நடுவே உள்ள இடுக்கு, வெயிலில் வெளுத்த நிறம் மூன்றும் சேர்ந்தால்தான் தளம். சின்னமுட்டத்திலோ குளச்சலிலோ கரையேற்றிய, வண்ணம் உரிந்த மரப் படகு கண்ணில் பட்டால் பாருங்கள்: பழுப்பு போய்ச் சாம்பல் பூத்திருக்கும். மரத்தின் மேல்பரப்பிலுள்ள லிக்னினை (மர இழைகளைப் பிணைத்து வைக்கும் பொருள்) வெயில் சிதைக்கிறது, மழை கழுவிவிடுகிறது. பனையோலைக் கூரை நாள்பட வெளிறுமே, அதே கதைதான்.

1:50 அளவில் 15 செ.மீ. அகலப் பலகை 3 மி.மீ. மரக் கீற்றாகிவிடும். 6 மி.மீ. இடுக்கு 0.12 மி.மீ.; அதாவது ஒரு பென்சில் கோடு. கீற்றின் ஒரு ஓரத்தில் மட்டும் 2பி பென்சிலைத் தேயுங்கள். இரண்டு ஓரமும் தேய்த்தால் கோடு தடித்துப் பொம்மைப் படகாகிவிடும். ஒட்டியபின் உப்புத்தாள் போட்டால் பென்சில் தூள் பரவித் தளமே அழுக்காகும். பிளேடை நிமிர்த்திப் பிடித்து மரவரி போகும் திசையில் சுரண்டுங்கள். பசை பிதுங்கிக் காய்ந்த இடத்தில் சாயம் ஏறாது, வெளிறிய திட்டு நிற்கும். கடைசியாகச் சாம்பல் அக்ரிலிக் 1 பங்கு, தண்ணீர் 20 பங்கு கலந்து பூசி, உடனே துணியால் ஒற்றி எடுங்கள்.

வார்னிஷ் பளபளத்தால்தான் நிஜம்போல் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆள் வழுக்கி விழும் அந்தப் பளபளப்பு மீன்பிடிப் படகின் தளத்தில் இருக்காது, மேட் வார்னிஷ் ஒரு கை போதும்.