காதில் விழுவது எழுத்தாவது எப்படி? கேள்வி பதில்

பேச்சு, மொழிப் பயிற்சி என் துறை. அதற்குள் கேளுங்கள்.

டீச்சர் சொல்லும் சொல்லைப் பிள்ளையின் மூளை எப்படி எழுத்தாக்குகிறது?
இரண்டு வழி. படித்துப் பழகிய சொல் என்றால் அதன் எழுத்து வடிவமே நினைவிலிருந்து வந்துவிடும்; புதிய சொல் என்றால் ஒலியைத் துண்டு துண்டாக்கி ஒவ்வொன்றுக்கும் எழுத்து தேடவேண்டும். கை எழுதி முடிக்கிறவரை அந்த எழுத்துகளை வரிசை மாறாமல் பிடித்து வைத்திருக்கவும் வேண்டும், நீளமான சொல்லில் நடு எழுத்து நழுவுவது பெரும்பாலும் அங்கேதான். வழி இரண்டு என்பது மூளை பாதிக்கப்பட்டவர்களிடம் தெரிந்த விஷயம். 1981இல் ஷாலிஸ் என்ற பிரிட்டிஷ் நரம்பு உளவியலாளர் விவரித்த ஒருவருக்குத் தெரிந்த சொற்கள் நன்றாக எழுத வந்தன, அர்த்தமில்லாத சொல்லைச் சொன்னால் திணறினார். அதே ஆண்டு பிரான்சில் விவரிக்கப்பட்டவர் நேரெதிர்: காதில் விழுந்தபடி எழுதுவார், ஒலிக்காத எழுத்து உள்ள சொற்களில் தவறுவார்.

வலது மூளைப் பயிற்சி வகுப்பில் சேர்க்கலாமா?
வேண்டாம். காசு மிச்சம்.

ழ உச்சரிப்பு வந்துவிட்டால் பிழை போய்விடும்தானே?
கொஞ்சம் குறையும். ஆனால் 'வாளப்பளம்' என்று பேசுகிற எத்தனையோ பேர் எழுதும்போது ழ போடுகிறார்கள். காது சொல்லியா போடுகிறார்கள்? படித்துப் பதிந்த வடிவம் போடவைக்கிறது.

நான் நாகர்கோவில். எங்களுக்கு ர, ற தெளிவாகக் கேட்கும், பிழை வராது. காதுதான் முக்கியம்!
ர, ற விஷயத்தில் உங்களுக்கு அது லாபம்தான், ஒத்துக்கொள்கிறேன். மற்ற ஊர்க்காரர்கள் 'அறம்', 'அரம்' இரண்டையும் ஒரே மாதிரி சொல்லிவிட்டு எது எங்கே என்று சரியாக எழுதுகிறார்களே, அது எப்படி?

அவர்கள் மனப்பாடம் செய்தவர்கள். அது அறிவா?
மனப்பாடம் என்று இளக்காரம் வேண்டாம், அதுதான் மேலே சொன்ன முதல் வழி. இன்னொன்று, ஒலியைத் துண்டாக்கும் காதே ஓரளவு எழுத்து தந்ததுதான். 1979இல் போர்ச்சுகலில் எழுதப்படிக்கத் தெரியாத பெரியவர்களிடம் ஒரு சொல்லின் முதல் ஒலியை மட்டும் நீக்கிச் சொல்லச் சொன்னார்கள், பெரும்பாலானவர்களால் முடியவில்லை. வயது வந்தபிறகு படிக்கக் கற்றவர்கள் செய்துவிட்டார்கள்.

வலது மூளை பற்றி இன்னொரு சந்தேகம்...
மேலே பாருங்கள்.

அப்பாவுக்கு நேற்றிலிருந்து எழுத வரவில்லை, பேச்சு பரவாயில்லை. என்ன பயிற்சி தரலாம்?
பயிற்சி அப்புறம். இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், 108ஐ அழையுங்கள். பக்கவாதமாக இருக்கலாம், பேச்சு சரியாக இருப்பதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

பையன் பிழையாக எழுதினால் நூறு தடவை எழுதவைக்கலாமா?
பத்தாவது தடவைக்குமேல் எழுதுவது கை மட்டும்தான். அந்தச் சொல் வருகிற கதையைப் படிக்கக் கொடுங்கள், மறுநாள் பார்க்காமல் ஒருமுறை எழுதச் சொல்லுங்கள்.

கையெழுத்து அழகாக?
ஓவிய டீச்சரைக் கேளுங்கள்.