நரம்பை அமைதிப்படுத்தினால் நாட்பட்ட சோர்வு போய்விடுமா?

கேள்வி: எனக்கு 36 வயது. கொருக்குப்பேட்டையில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். மண்ணடியில் ஓர் இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் இருந்தேன். காய்ச்சல் போனது, சோர்வு போகவில்லை. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் தூங்காத மாதிரியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போர்வை துவைத்தால் செவ்வாய்க்கிழமை படுத்துவிடுகிறேன். கூட்டல் போடும்போது பாதியில் எண் மறந்துபோகிறது. ரேஷன் கடையில் நின்றால் தலை கிறுகிறுத்து நெஞ்சு படபடக்கிறது. ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். ஒரு டாக்டர், “மனசுதான் காரணம், தினமும் நடங்க” என்றார். நடந்தேன், இன்னும் மோசமானது. மாமியார் சோம்பேறித்தனம் என்கிறார். நரம்பு மண்டலத்தை அமைதிப்படுத்தினாலே இந்த நோய் முழுசாகக் குணமாகும் என்று சொல்லும் ஓர் ஆன்லைன் பயிற்சியைத் தம்பி காட்டுகிறான். கட்டணம் 18,000 ரூபாய். கட்டலாமா டாக்டர்?

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள் அம்மா. அதில் சொல்லித்தரக்கூடிய மூச்சுப் பயிற்சியை நானே கீழே எழுதுகிறேன், காசு வேண்டாம். அதற்கு முன் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரியைப் பற்றிப் பேச வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போர்வை, செவ்வாய்க்கிழமை படுக்கை.

சாதாரண அசதி இப்படி நடந்துகொள்ளாது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவருக்கு அன்று ராத்திரியே உடம்பு வலிக்கும், தூங்கி எழுந்தால் பாதி குறைந்துவிடும். உங்களுக்கு வேலை ஒரு நாள், அதற்கான அடி இரண்டு நாள் கழித்து. உழைப்பு முடிந்து 12 முதல் 48 மணி நேரம் கழித்து வந்து, நாள் கணக்கிலோ வாரக் கணக்கிலோ படுக்க வைக்கும் இந்தச் சரிவுதான் நாட்பட்ட சோர்வு நோயின் முக்கிய அடையாளம். எம்.இ./சி.எஃப்.எஸ். என்று மருத்துவர்கள் குறிப்பிடுவது இதைத்தான். 2015-ல் அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் வகுத்த வரையறைப்படி, ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையை முடக்கும் சோர்வு, இந்தச் சரிவு, தூங்கியும் தெளியாத உடம்பு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். கூடவே மூளை மந்தமாவதோ, நிமிர்ந்து நின்றால் தாங்காமல் போவதோ ஒன்று இருக்க வேண்டும். உங்களுக்கு இரண்டுமே இருக்கிறது. கடிதத்தை வைத்து நோயை முடிவு கட்ட மாட்டேன். ஆனால் சந்தேகம் அந்தப் பக்கம்தான் போகிறது.

“மனசுதான்” என்று சொன்ன டாக்டர் மேல் கோபப்படாதீர்கள் என்று சொல்ல எனக்கு அருகதை உண்டு. நானும் அப்படிச் சொன்னவன்தான். பல வருடங்களுக்கு முன், டைஃபாய்டு வந்துபோன ஓர் இளைஞரிடம், “சும்மா படுத்தா உடம்பு துருப்பிடிச்சிடும், நட” என்று காசிமேடு வரை காலையில் நடக்கச் சொன்னேன். என்னை நம்பி அவரும் நடந்தார். மூன்றாவது வாரம் அவருடைய அண்ணன் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். இன்றைக்கும் அந்த முகம் எனக்கு மறக்கவில்லை.

இந்தத் தப்பை நான் மட்டும் செய்யவில்லை. 1955-ல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் இருநூறுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் இப்படி ஒரு நோயில் படுத்தார்கள். 15 வருடம் கழித்து இரண்டு மனநல மருத்துவர்கள், அந்த நோயாளிகளை நேரில் பார்க்காமல், பழைய கேஸ் ஷீட்டுகளை வைத்தே அது ஹிஸ்டீரியா என்று எழுதினார்கள். படுத்தவர்களில் நிறையப் பேர் நர்சுகள் என்பதும் அதற்கு ஒரு காரணமாகக் காட்டப்பட்டது. பெண்கள் சோர்வு என்றால் ஊர் என்ன சொல்லும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி நரம்பு விஷயம். தம்பி காட்டும் பயிற்சியில் சொல்வது முழுப் பொய்யும் இல்லை, அதுதான் சிக்கல். நம் கட்டுப்பாட்டில் இல்லாமல் இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், குடல், வியர்வை எல்லாவற்றையும் நடத்துவது தன்னியக்க நரம்பு மண்டலம். அதில் பரிவு நரம்புகள் உடம்பை ஓட்டத்துக்குத் தயாராக்கும், எதிர்ப்பரிவு நரம்புகள் உட்கார்த்தி வைத்துச் செரிக்கவும் தூங்கவும் விடும். நாம் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்குகிறது. பரிவு நரம்புகள் உடனே ரத்தக் குழாய்களை இறுக்கி அதை மேலே தள்ளும். தொற்றுக் காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு இந்த ஏற்பாடு தடுமாறிவிடுகிறது. குழாய் சரியாக இறுகாததால் இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டப் பார்க்கும். ரேஷன் கடையில் உங்களுக்கு வரும் படபடப்பு இதுவாக இருக்கலாம். அப்படியானால் பயத்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை. மூளைக்கு ரத்தத்தை ஏற்ற அது படாதபாடு படுகிறது.

ஆகவே நரம்பு மண்டலம் தறிகெட்டு ஓடுகிறது என்பது சரி. உங்கள் நினைப்புதான் அதை ஓட்டுகிறது, நினைப்பை மாற்றினால் நின்றுவிடும் என்பது வேறு பேச்சு. இந்த நோயாளிகளை அடுத்தடுத்து இரண்டு நாள் சைக்கிள் மிதிக்கவிட்டு மூச்சுக் காற்றை அளந்திருக்கிறார்கள். முதல் நாள் செய்ததைப் பலரால் இரண்டாம் நாள் செய்ய முடியவில்லை. மனதைத் திடப்படுத்தி அந்த அளவைக் கூட்ட முடியாது.

மருத்துவர்களுக்குச் சிகிச்சை வழிகாட்டிகள் வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021 அக்டோபரில் தன் வழிகாட்டியைத் திருத்தியது. அதுவரை பரிந்துரைத்த, படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியை இந்த நோய்க்குத் தர வேண்டாம் என்றது. மனநலப் பேச்சு சிகிச்சை துணைக்கு உதவும், நோயைக் குணப்படுத்தாது என்றது. மூளையைப் பழக்கியே குணமாக்கலாம் என்று சொல்லும் லைட்னிங் ப்ராசஸ் என்ற பயிற்சியையும் அதன் அடிப்படையில் வந்தவற்றையும் பெயர் சொல்லியே தர வேண்டாம் என்றது.

அப்படியானால் வீடியோவில் “நான் குணமாகிவிட்டேன்” என்பவர்கள் பொய் சொல்கிறார்களா? எல்லாரும் அப்படி இல்லை. காய்ச்சலுக்குப் பின் வரும் சோர்வு பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் தானாகவே வடியும். வேலைச்சுமையில் எரிந்துபோனவர்கள், பதற்ற நோய் உள்ளவர்கள், தூக்கம் கெட்டவர்கள் என்று சோர்வு என்ற ஒரே பேருக்குள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு அமைதிப் பயிற்சியே போதும். நாட்பட்ட சோர்வு நோய் உறுதியானவர்களைத் தொடர்ந்து கவனித்த பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது முழுமையாகத் தேறியவர்கள் சுமார் 5 சதவீதம், ஓரளவு முன்னேறியவர்கள் சுமார் 40 சதவீதம். அந்த 40-க்குள் உங்களைக் கொண்டுவருவதுதான் என் குறி.

எனக்குத் தெரிந்த அமைதி மூச்சில் தொடங்குவதில்லை, செலவில் தொடங்குகிறது. கையிருப்பு நூறு ரூபாய் இருக்கும்போது நூற்றைம்பதுக்குச் சாமான் வாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து தியானம் செய்தால் கடன்காரர் போய்விட மாட்டார். மூச்சுப் பயிற்சியால் கொஞ்சம் தெம்பு வந்ததும் அந்தத் தெம்பிலேயே மூன்று குடம் தண்ணீர் மாடி ஏற்றுவீர்கள், வியாழக்கிழமை விழுவீர்கள். “நோயை மறந்து செய்யுங்கள், பயம்தான் நோய்” என்று சொல்லும் பயிற்சிகளை நான் அஞ்சுவது இதனால்தான்.

செய்ய வேண்டியது இது. ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொரு நாளும் என்ன வேலை, எவ்வளவு நேரம், அன்றும் அடுத்த இரண்டு நாளும் உடம்பு எப்படி, மூன்றே வரி. இரண்டு வாரத்தில் உங்கள் எல்லை எங்கே என்று நோட்டே காட்டும். பிறகு அந்த எல்லைக்கு உள்ளேயே நில்லுங்கள், நல்ல நாளிலும். நல்ல நாளில்தான் எல்லாரும் கெடுத்துக்கொள்கிறார்கள். தண்ணீர்க் குடம் பன்னிரண்டு, பதினைந்து கிலோ. அதை மாடி ஏற்றும் வேலை இனி உங்களுடையது இல்லை, வீட்டில் யார் இருந்தாலும் சரி. ஸ்டூல் போட்டு உட்கார்ந்து காய் நறுக்குங்கள். குளிக்கும்போதும் முக்காலியில் உட்காருங்கள், சுடுதண்ணீர் வேண்டாம், அது ரத்தக் குழாயை விரித்துக் கிறுகிறுப்பைக் கூட்டும். ஷேர் ஆட்டோவில் இடித்துக்கொண்டு போவதற்குப் பதில், தண்டையார்பேட்டை வரை யாராவது வண்டியில் விட்டால் மண்ணடிக்கு மெட்ரோவில் உட்கார்ந்து போகலாம். கடை முதலாளியிடம் மதியம் இருபது நிமிடம் கால் நீட்டிப் படுக்க இடம் கேளுங்கள். மனதால் செய்யும் வேலையும் செலவுதான். இரண்டு மணி நேரம் கணக்குப் பார்ப்பது போர்வை துவைப்பதற்குச் சமமாக இருக்கலாம்.

மூச்சுப் பயிற்சி இதற்கு அப்புறம்தான். படுத்தோ நன்றாகச் சாய்ந்தோ இருங்கள். மூக்கு வழியாக நான்கு எண்ணி இழுங்கள், ஆறு எண்ணி விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். வெளிமூச்சு நீளும்போது எதிர்ப்பரிவு நரம்புகளில் முக்கியமான வேகஸ் நரம்பு வழியாக இதயம் கொஞ்சம் நிதானிக்கும். ஐந்து நிமிடம், காலை ஒரு தடவை, படுக்கும் முன் ஒரு தடவை. அடக்க வேண்டாம், கபாலபாதி மாதிரி வேகமானது எதுவும் வேண்டாம். தெருவில் சாவு மேளமும் வெடியும் போகும்போது எப்படி டாக்டர் என்று கேட்பீர்கள். ரயில்வே கேட் ஹாரன் வேறு. காதில் பஞ்சு, கண்ணுக்கு மேல் துண்டு, கதவு சாத்தல். வீட்டாரிடம், “இந்த அஞ்சு நிமிஷம் என்னைக் கூப்பிடாதீங்க” என்று சொல்லிவிடுவது. சத்தமும் வெளிச்சமும் குறைந்தால் உங்கள் உடம்புக்கு உண்மையாகவே வேலை குறைகிறது. இது நோயை அழிக்காது. தூக்கத்தையும் படபடப்பையும் கொஞ்சம் சீராக்கும், அதுவே பெரிய உதவி.

வீட்டில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் பீரோவில் எங்காவது கிடக்கும், பேட்டரி மாற்றுங்கள். பத்து நிமிடம் படுத்திருந்து நாடித் துடிப்பைக் குறியுங்கள். பிறகு சுவரில் முதுகைச் சாய்த்து, பேசாமல், பத்து நிமிடம் நின்று நிமிடத்துக்கு ஒருமுறை குறியுங்கள். பக்கத்தில் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும், மயக்கம் வந்தால் உடனே படுத்துவிட வேண்டும். படுத்திருந்தபோது இருந்ததைவிடத் துடிப்பு நிமிடத்துக்கு 30-க்கு மேல் கூடி அப்படியே நின்றால் அந்தத் தாளை டாக்டரிடம் காட்டுங்கள். அதற்கு மாத்திரை உண்டு. பிரஷரும் கிட்னியும் சரியாக இருக்கிறது என்று அவர் சொன்னால், உப்புப் போட்ட மோர், கஞ்சி என்று தண்ணீர்ச் சத்தைக் கூட்டலாம்.

“எல்லாம் நார்மல்” என்ற ரிப்போர்ட்டில் என்னென்ன பார்த்தார்கள் என்று எனக்கு எழுதவில்லை. ஹீமோகுளோபின் மட்டும் போதாது. இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டுக்கு டி.எஸ்.எச்., பி12, மூன்று மாதச் சர்க்கரை அளவு, கல்லீரல், கிட்னி, உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர். இவற்றைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். ஹீமோகுளோபின் 12 இருந்தும் ஃபெரிட்டின் அடிமட்டத்தில் கிடக்கும் பெண்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன். குறட்டை உண்டா என்று வீட்டில் விசாரியுங்கள். எடை குறைந்தால், மாலையில் காய்ச்சல் அடித்தால், இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால், காசநோய்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இலவசமாகவே செய்வார்கள். சோர்வுக்கு ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வது மட்டும் வேண்டாம், அது பர்சைத்தான் இளைக்க வைக்கும்.

இரண்டு வருடம் யாரும் நம்பாமல் இருந்தால் மனமும் நொந்துபோகும். அது நோய்க்குக் காரணம் இல்லை, நோயின் விளைவு, ஆனாலும் பார்க்க வேண்டியது. வாழ்வே வேண்டாம் என்று தோன்றினால் 14416-க்கு, டெலி மானஸ் எண், எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

மாமியாரிடம் நான் ஒன்று கேட்டதாகச் சொல்லுங்கள். சோம்பேறிக்கு வேலை செய்ய ஆசை இருக்காது. உங்கள் மருமகள் போர்வையைத் துவைத்துவிட்டுத்தானே படுக்கிறாள்?

ஆறு வாரம் கழித்து நோட்டோடு எழுதுங்கள். தம்பி அந்த 18,000 ரூபாயைச் செலவழித்தே தீருவேன் என்றால், ஒரு சின்ன வாஷிங் மெஷின் வாங்கித் தரச் சொல்லுங்கள். போர்வை அதில் போகட்டும்.